பச்சை விளக்கு இல்லாத பாடம்

இந்த இதழ் ஏழு வாரம் தாமதம். காசு இல்லாததும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமல்ல. ஆசிரியர் குழுவில் மூன்று பேர் வந்த படைப்புகளையெல்லாம் ஓரமாகக் கட்டி வைத்துவிட்டு, காயலான் கடைக்கும் மாலைப் பள்ளிக்கும் அலைந்துகொண்டிருந்தோம். எங்கள் காலனி மாலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பாலிடெக்னிக் வரை படிக்கிற பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸும் சென்சாரும் அடியிலிருந்து சொல்லித்தருவது என்று முடிவானது. பத்துப் பாடம். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கக் கையேடு, கூடவே ஒரு பொட்டலம் சாமான். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. பகலில் வங்கிக் கவுண்டர், ராத்திரி பாடம். கவிதை எழுதி நாலு மாதமாகிறது. அதற்காக யாரும் அழவில்லை.

“கலை இலக்கியப் பத்திரிகைக்கு இதெல்லாம் எதுக்குத் தோழர்?” என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். பண்பாட்டு அரசியல் பேச வந்தவர்கள் ரெசிஸ்டரைப் பற்றி எழுதினால் யாருக்கும் சந்தேகம் வரும். 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகச் சேர்ந்த அம்பேத்கர், அந்த ஆண்டு அக்டோபரில் அரசுக்குக் கொடுத்த மனுவைத் தோழர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் பட்டியல் சாதியாருக்குப் பெரிதாக உதவப்போவதில்லை, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்நிலைக் கல்விதான் உதவும், அந்தச் செலவை அவர்களால் தாங்க முடியாது, அரசே ஏற்க வேண்டும் என்று அதில் வாதாடுகிறார். சொல்கிறவர் யார்? பொருளாதாரத்தையும் சட்டத்தையும் கரைத்துக் குடித்த மனிதர். தன் படிப்பையே தள்ளி வைத்துவிட்டுப் பேசுகிறார். அவருடைய கோட்டுப் பையிலிருக்கும் பேனாவைப் பற்றி நம் பத்திரிகைகளில் எத்தனை கவிதை வந்திருக்கிறது! நானும் ரெண்டு எழுதியிருக்கிறேன். இந்த மனுவைப் பற்றி ஒரு பத்தி எழுதியதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பி.எஸ்சி. இயற்பியல். மூன்று வருஷம் லேபுக்குப் போனேன். நாலு பேர் கொண்ட குழு. ரெண்டு பேர் கருவியைப் பிடிப்பார்கள், ஒருத்தன் ஸ்டாப்வாட்சைப் பார்ப்பான், நான் ரீடிங் எழுதுவேன். “ஒன் கையெழுத்து நல்லாருக்குடா, நீ எழுது.” மூன்று வருஷமும் என் கையெழுத்து நன்றாகவே இருந்தது. தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், புகார் எழுதியிருக்கலாம். சொல்லாமல் நடந்தது. மல்டிமீட்டரை நான் முதன்முதலில் கையில் பிடித்தது முப்பத்து நாலாவது வயதில், டிகிரி வாங்கின கல்லூரியில் இல்லை, எட்டாவதோடு நின்றுபோன எங்கள் சித்தப்பாவின் ரேடியோ ரிப்பேர் கடையில். நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுப்பது பண்பாட்டு அரசியலா இல்லையா என்பதைத் தோழர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

பாடம் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, கிடைக்கிற கையேடுகளெல்லாம் ஒரு குறிப்பிட்ட வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தோட்டத்துச் செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி செய் என்கிறது ஒன்று. காரைப் பின்னால் எடுக்கும்போது சுவர் எவ்வளவு தூரம் என்று சொல்லும் கருவி செய் என்கிறது இன்னொன்று. தோட்டமும் காரும் இல்லாத பிள்ளை முதல் பக்கத்திலேயே வெளியே நிற்கிறது. அல்ட்ராசோனிக் சென்சாரை நாங்கள் தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியின் மூடிக்கடியில் கட்டினோம். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும், தண்ணீரில் பட்டுத் திரும்பும், போய்வந்த நேரத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கணக்கு அதே கணக்குதான். நகராட்சித் தண்ணீர் நமக்கு எத்தனை மணிக்கு வருகிறது, ஊர்த்தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பார்க்கலாமே என்று பிள்ளைகளே கேட்டார்கள். கையேட்டில் அப்படியொரு பயிற்சி நான் எழுதவில்லை.

சொற்கள் பெரிய தொல்லை. மின்தடையம், ஒளியுமிழ் இருமுனையம் என்றெல்லாம் எழுதினால் பிள்ளைகள் இங்கிலீஷே பரவாயில்லை என்று ஓடிவிடும். ரெசிஸ்டர் ரெசிஸ்டராகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ரெசிஸ்டரின் மேலிருக்கும் நிறக்கோடுகளை நினைவில் வைக்க, கிரேட் பிரிட்டனின் பி.பி. ராய்க்கு நல்ல மனைவி வாய்த்தாள் என்று ஓர் ஆங்கில வாசகத்தை நம் கல்லூரிகளில் மனப்பாடம் செய்விப்பார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கறுப்பு சுழியம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு என்று நேராகவே எழுதினேன். ஒன்பது வெள்ளை. “கறுப்புன்னா பூஜ்யம், வெள்ளைன்னா ஒம்போதா? இதையும் மனுதான் எழுதினானா?” என்றான் ஒரு பொடியன். வகுப்பே சிரித்தது. அவனிடம் 220 ஓம் ரெசிஸ்டரைக் கொடுத்துக் கோடுகளைப் படிக்கச் சொன்னேன். சிவப்பு, சிவப்பு, பழுப்பு. சரியாகச் சொன்னான்.

ஒரு சொல்லை மட்டும் சும்மா விட முடியவில்லை. ஒரே வடத்தில் பல சில்லுகள் பேசிக்கொள்ளும் ஐ2சி முறையில், கேள்வி கேட்கும் சில்லுக்கு மாஸ்டர் என்றும் பதில் சொல்லும் சில்லுக்கு ஸ்லேவ் என்றும் பெயர். தமிழில் எழுதினால் ஆண்டான், அடிமை. நம் பிள்ளைகளின் கையேட்டில் நம் கையாலேயே அதை எழுதுவதா? அந்த முறையின் விதிநூலை வெளியிடும் என்எக்ஸ்பி நிறுவனமே 2021-இல் அந்த இரண்டு சொற்களையும் கைவிட்டுவிட்டது. நமக்கு முன்னால் ஒரு கம்பெனி வெட்கப்பட்டுவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. “கேட்கும் சில்லு, சொல்லும் சில்லு” என்று எழுதியிருக்கிறேன். பழைய பலகைகளிலும் புத்தகங்களிலும் பழைய பெயர் இருக்கும், பார்த்தால் அதிர்ச்சியடைய வேண்டாம் என்று ஒரு குறிப்பும் உண்டு.

ஈரப்பதம் அளக்கும் பாடத்தில்தான் குழுவுக்குள் முதல் சண்டை. மழைநாளில் பறைத்தோல் ஈரம் குடித்துச் சத்தம் தொங்கிப்போகும். நெருப்பில் காய்ச்சினால் ஈரம் போய்த் தோல் இறுகும், சத்தம் ஏறும். எவ்வளவு காய்ச்ச வேண்டும் என்று விரலால் தட்டிக் காதால் அளக்கிறார்கள் நம் பெரியவர்கள். 1783-இல் ஜெனீவாவின் சசூர் மனிதத் தலைமயிர் நீள்வதையும் குறுகுவதையும் வைத்து ஈரமானி செய்ததை எழுதி நூல் வெளியிட்டார். (தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்த மொழியியல் சசூருக்கு இவர் கொள்ளுத்தாத்தா. குடும்பமே நம்மை விடாது போலிருக்கிறது.) மயிர் கருவியாகலாம் என்றால் தோலும் கருவிதான் என்று பாடத்தில் எழுதினேன். “சாவு மேளத்திலேர்ந்து வெளிய வரத்தான் புள்ளைங்கள படிக்க வைக்கிறோம். பாடப் புத்தகத்துல மறுபடியும் அதையே கொண்டாந்து வச்சா எப்படி?” என்றார் குழுவில் மூத்த தோழர். பறை விடுதலைக் கருவியா அடிமைச் சின்னமா என்ற முப்பது வருஷத்து விவாதத்தை நாலு பக்கக் கையேட்டில் முடிக்க முடியாது. பறையை எடுத்துவிடவில்லை. ஆனால் அடிப்பவரின் படத்தைப் போடாமல் காய்ச்சும்போது தோலில் நடப்பதை மட்டும் வரைந்திருக்கிறேன். தோழருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்சார் ஒன்றும் சொல்வதில்லை, எண்ணைத் தான் தருகிறது. இது இருட்டு, இது வெளிச்சம், இது ஆபத்து என்று சொல்கிறவர் வேறு யாரோ. இதை எனக்கே புரியவைத்தது நான்காம் பாடம். வெளிச்சம் பட்டால் தடை குறையும் எல்டிஆர், கூட ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டும் சேரும் இடத்திலிருந்து ஒரு கம்பி ஆர்டுயினோவுக்கு. (2005-இல் இத்தாலியில் செய்யப்பட்ட பலகை. சுற்றமைப்பை மறைக்காமல் வெளியிட்டதால் யாரும் நகல் செய்யலாம். அதனால்தான் சென்னை ரிச்சி தெருவில் நம் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கிறது.) அது 0 முதல் 1023 வரை ஓர் எண் காட்டும். எண் 400-க்குக் கீழே போனால் இருட்டு, விளக்கைப் போடு என்று எழுதியிருந்தேன். பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோன பையன் மறுநாள் வந்து கேட்டான்: “எங்க வீட்ல மத்தியானத்துலயே முந்நூறுதாண்ணே காட்டுது. அப்ப எங்க வீட்ல எப்பவுமே ராத்திரியா?”

அந்த 400-ஐ யார் வைத்தது? நான்தான். இரண்டு ஜன்னல் இருக்கிற என் வாடகை வீட்டு மேசையில் உட்கார்ந்து நான் வைத்த எல்லைக்கோடு அது.

பெரிய இடத்திலும் இதேதான் நடக்கிறது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரை கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்தோம். சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் தோலைக் கடந்து போகும் அளவை வைத்து அது கணக்குப் போடுகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இப்படிச் சொன்னது: கருவி 92 முதல் 96 வரை காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மையில் 88-க்கும் கீழே இருந்தது, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பு நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக. கருவிக்கு இனவெறி கிடையாது. யாருடைய விரலில் வைத்துப் பழக்கினார்களோ அந்த விரலை அது நம்புகிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் எட்டாம் பாடத்தில் நான் கோட்டை விட்டேன்.

எட்டாம் பாடம் வாயு சென்சார். எங்கள் திட்டத்தின் உச்சமே இதுதான் என்று நினைத்திருந்தேன். பாதாளச் சாக்கடையில் இறங்கிச் சாகிறவர்கள் நம் ஆட்கள். அவர்கள் பிள்ளைகள் தங்கள் கையாலேயே விஷவாயு காட்டும் கருவி செய்கிறார்கள்! அட்டைப் படத்துக்கே யோசித்து வைத்துவிட்டேன். ஆபத்து என்றால் சிவப்பு விளக்கு, இல்லை என்றால் பச்சை.

செய்து காட்டினேன். எம்க்யூ வரிசைச் சென்சார், உள்ளே பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறார்களே அந்த வெள்ளீயத்தின் ஆக்சைடு. சின்ன ஹீட்டர் அதைச் சூடாக்கும். சுத்தமான காற்றில் ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டி எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் தடை அதிகம். எரியக்கூடிய வாயு வந்தால் அந்த ஆக்சிஜன் அதோடு சேர்ந்து கழன்றுபோகும், தடை இறங்கும். ஜப்பானின் தகுச்சி 1962-இல் காப்புரிமை கேட்ட விஷயம் இது. சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் வாயுவை மட்டும் காட்டினேன். சிவப்பு எரிந்தது. எடுத்தேன், கொஞ்ச நேரத்தில் பச்சை. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண் மட்டும் தட்டவில்லை. அப்பா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். “பச்ச எரிஞ்சா எங்கப்பா உள்ள எறங்கணுமாண்ணே?”

பதில் சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அன்று ராத்திரி 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து மறுபடி படித்தேன். கையால் மலம் அள்ளுவோரைப் பணியில் அமர்த்தத் தடை விதித்து மறுவாழ்வும் சொல்கிற சட்டம், அந்த ஆண்டு டிசம்பர் 6 முதல் அமலில் இருக்கிறது. நாளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் ஆளை இறக்கி ‘அபாயகரமான சுத்தம்’ செய்வது குற்றம் என்கிறது. எது அபாயகரமான சுத்தம்? பாதுகாப்புச் சாமான்கள் தராமல், முன்னெச்சரிக்கை எடுக்காமல் செய்வித்தால் அபாயகரமானது. சாமான் கொடுத்து இறக்கினால்? அங்கேதான் கதவு திறந்து கிடக்கிறது. அதே ஆண்டு வந்த விதிகளில், தவிர்க்க முடியாத சூழ்நிலை என்று உள்ளாட்சி அதிகாரி எழுத்தில் காரணம் சொல்லி அனுமதித்தால் ஆளை இறக்கலாம். தரவேண்டிய சாமான் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. கையுறை, ஹெல்மெட், முகமூடி என்று போகிற அந்தப் பட்டியலில் நான்கு வாயுக்களை அளக்கும் கருவியும் ஒன்று. நான் பிள்ளைகளைச் செய்யச் சொன்ன பச்சை விளக்கு இந்தப் பட்டியலில் ஒரு டிக் மார்க்காகப் போய் உட்காரும். “கருவி வச்சுப் பாத்துட்டுத்தான் சார் எறக்கினோம்.”

டெக்னிக்கலாகவும் அந்தப் பச்சை பொய். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். மூடியைத் திறந்து வாயருகே கருவியைப் பிடித்தால் காட்டாது. அதைவிட மோசம், சேற்றுக்குள் அடைபட்டிருக்கும் வாயு ஆள் இறங்கிக் கிளறும்போதுதான் குபுக்கென்று கிளம்பும். இறங்குவதற்கு முன் எடுத்த அளவு எதற்கு ஆகும்? லேசாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, பரவாயில்லை என்று நினைக்கிறவர் செத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் ஏறினால் சில மூச்சிலேயே சரிந்துவிடுவார். மேலே நிற்பவர் தூக்கப்போய் அவரும் விழுவார். செய்தித்தாளில் ஒருவர் பலி என்றில்லாமல் இருவர், மூவர் பலி என்று வருவது இதனால்தான். எம்க்யூ சென்சாரோ சாராய வாடைக்கும் எகிறும், சென்ட் வாடைக்கும் எகிறும், ஆக்சிஜன் குறைந்தால் அதன் கணக்கே மாறிப்போகும். வகுப்பறைக்கு அருமையான சாமான். ஓர் ஆளின் உயிரை அதன் மேல் வைக்க முடியாது.

குழுவில் இரண்டாவது சண்டை. “நாளைக்குக் காலைலயும் எறங்கத்தான் போறாங்க தோழர். ஒரு கருவி இருந்தா ஒருத்தராவது பொழைக்கலாமில்ல?” என்றார் அதே மூத்த தோழர். அவருடைய மைத்துனர் அப்படிச் செத்தவர். இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நம்பகமான கருவி கடையில் இருக்கிறது. வாயுவுக்கு ஒரு சென்சார் வைத்து, அவ்வப்போது சரிபார்த்து வைத்துக்கொள்ளும் கருவி. அதை வாங்கித்தர வேண்டியது வேலை வாங்குகிறவர். ஆளே இறங்காமல் அடைப்பெடுக்க ஜெட்டிங் வண்டி இருக்கிறது. 2018-இல் கேரளத்தில் இதற்கென ரோபோவே இறக்கிக் காட்டினார்கள். 2020-இல் ஒன்றிய அரசு மேன்ஹோல் என்ற சொல்லையே மெஷின்ஹோல் என்று மாற்றச் சொன்னது. தமிழில் நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஆளிறங்கு குழி. பெயரிலேயே ஆளை இறக்கிவிட்டோம். இயந்திரத்துக்கும் சொல்லுக்கும் குறைவில்லை. நூற்றைம்பது ரூபாய்ச் சாமானில் நம் பிள்ளை செய்த கருவியை நம்பி ஏன் நம் ஆள் இறங்க வேண்டும்?

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27-இல், 1993 முதல் இப்படிச் செத்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபர் 20-இல் அதை 30 லட்சமாக்கியது. தோழரின் அக்கா அந்தப் பத்து லட்சத்தை வைப்புநிதியில் போட வந்தபோது படிவத்தை நிரப்பித் தந்தது நான்தான். கைநாட்டு வைத்துவிட்டு, “எழுத்து நல்லாருக்குப்பா” என்றார்.

முடிவாக எட்டாம் பாடத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். பச்சை விளக்கை எடுத்தாயிற்று. நிரலில் ‘பாதுகாப்பு’ என்ற சொல் எங்கும் வராது. சிவப்பு மட்டும் எரியும். எரியாமல் இருந்தால் ஆபத்தில்லை என்று பொருளல்ல என்பதுதான் பாடத்தின் முதல் வரி. அடியில் தங்கும் வாயுவைக் கண்ணாடித் தொட்டியில் காட்ட ஒரு படம். நான்காம் பக்கத்தில் சுற்றமைப்பு இல்லை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நகராட்சிக்கு ஒரு மனு மாதிரி இருக்கிறது: உங்களிடம் ஜெட்டிங் வண்டி எத்தனை, போன வருஷம் ஒவ்வொன்றும் எத்தனை நாள் ஓடியது, ஆளை இறக்க எழுத்து அனுமதி எத்தனை முறை தரப்பட்டது, காரணம் என்ன. பிள்ளைகள் அதை நிரப்பி அனுப்புவதும் பயிற்சியில் சேர்த்தி. “இது எலெக்ட்ரானிக்ஸ் பாடமாய்யா?” என்று சித்தப்பா கேட்டார். அளக்கிற பாடம் என்றேன். ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

அந்தப் பெண்ணும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. “செவப்பு எரிஞ்சா மட்டும் காண்ட்ராக்டர் நிறுத்திடுவாராண்ணே? எங்கப்பா வேணாம்னு சொன்னா அடுத்த நாள் வேற ஆளு” என்கிறார். வருகிற ஞாயிறு மாலைப் பள்ளிக் கூட்டத்தில் அவர் இதைப் பற்றிப் பேசுகிறார். தூய்மைப் பணியாளர் தோழர்களையும் அழைத்திருக்கிறோம். எட்டாம் பாடம் முழுவதும் நடுப்பக்கங்களில் வந்திருக்கிறது, படித்துவிட்டு வாருங்கள். சென்சாரின் ஹீட்டருக்கு 150 மில்லி ஆம்பியர் வேண்டும், ஆர்டுயினோவின் கால் அவ்வளவு தராது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஐந்து வோல்ட் செல்போன் சார்ஜர் இருந்தால் எடுத்து வாருங்கள். இருபது தேவைப்படுகிறது, ஒன்பதுதான் சேர்ந்திருக்கிறது.